சர்க்கரை இல்லாத அக்கா

காரணம் சொல்லாமல் அந்த அக்காவால் ஒரு தும்மல்கூடத் தும்ம முடியாது. தும்மினால், பக்கத்து ஷெட்டில் பவுடர் அரைக்கிறார்கள் என்பார். விக்கினால், காலையில் அவசரமாக விழுங்கிய இட்லி. சோறு குழைந்தால் அரிசி புதுசு. குழம்பு அடிப்பிடித்தால் சிலிண்டர் புதுசு, வேகமாக எரிகிறதாம். ஒருநாள் எரிச்சல் தாங்காமல், "ஏங்க்கா, தெரியலன்னு ஒரு வார்த்தை ஒங்க வாயில வரவே வராதா?" என்று கேட்டுவிட்டேன். அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்களாம். யாரும் சொல்லித் தராததால் எல்லாவற்றையும் தானே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறதாம்.

விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் நான் நாலு வருடம் வாடகைக்கு இருந்தேன். இரண்டாயிரத்து மூன்றிலிருந்து ஏழு வரை. சொந்த ஊர் ஸ்ரீமுஷ்ணம் பக்கம். லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஊசி குத்துவது, ரத்தம் எடுப்பது, மெஷினில் வைத்துப் பார்ப்பது, சீட்டு எழுதுவது எல்லாம் நான்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா குடும்பம். அவர், வாயே திறக்காத வாட்ச்மேன் புருஷன், அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த ஒரே பெண்.

அக்காவுக்குச் சூளை வாயில் வேலை. மின்கம்பத்திலும் மீட்டர் பெட்டியிலும் மாட்டுகிற வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டைகள் வெந்து வண்டியில் வெளியே வரும். பலகை போட்டு உட்கார்ந்து அவற்றை எடுத்து, விரிசல் விட்டதை ஒரு கூடையிலும் நல்லதை ஒரு கூடையிலும் போட வேண்டும். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் சோற்று நேரத்துக்குத்தான் எழுந்திருப்பார். அந்தச் சூட்டில் நான் ஒருமுறை பத்து நிமிடம் நின்று பார்த்தேன். கண் எரிந்து ஓடி வந்துவிட்டேன்.

போன புதிதில் எனக்குச் சமைக்கத் தெரியாது. பிரெட்டும் டீயுமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். அக்கா தினமும் ராத்திரிச் சாப்பாட்டு வேளைக்கு ஒரு கிண்ணத்தோடு வருவார். கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், ஞாயிற்றுக்கிழமையானால் கறி. மீந்துவிட்டது, நாய்க்குப் போடுவதற்கு உனக்குப் போடலாம் என்று வந்தேன் என்பார். நான் நம்பினேன். ஒருநாள் எதற்கோ அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால், வாட்ச்மேன் அண்ணன் வெறும் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருக்கிறார். என் கிண்ணத்தில் நாலு துண்டு கறி. கேட்டேன். "அவருக்குக் கறி ஒத்துக்காதுடி, சூட்டு ஒடம்பு" என்றார் அக்கா. அண்ணன் தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்பாக இருப்பதற்குக்கூட அந்த மனுஷிக்கு ஒரு சாக்குத் தேவைப்பட்டது. அதற்காகவே எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.

பேட்டையில் எல்லாரும் வெல்லம் தின்பார்கள். மண் தூசி நெஞ்சில் தங்காமல் இருக்க வெல்லம்தான் மருந்து என்று ஒரு நம்பிக்கை. கம்பெனியே காலையில் ஒரு கட்டி, சாயந்திரம் ஒரு கட்டி கொடுக்கும். அக்கா அதை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு நாளெல்லாம் கடித்துக்கொண்டிருப்பார். பிடிக்காதவர்கள் தங்கள் கட்டியையும் அவரிடமே தந்துவிடுவார்கள். டீயில் வேறு இரண்டு ஸ்பூன் கூடுதல். சூட்டில் உட்கார்ந்து வேர்த்துக் கொட்டுகிறவளுக்குச் சத்து வேண்டாமா என்பார்.

ஆள் குண்டு இல்லை. கையும் காலும் குச்சி குச்சியாக இருக்கும். வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். அது குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு அப்புறம் வந்ததாம். பெண் பிறந்தபோது நாலு கிலோவுக்கு மேல் இருந்ததாம். அது தாய்வீட்டுச் சாப்பாடாம். மத்தியானம் சாப்பிட்டதும் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொக்கும். அது அதிகாலையில் எழுந்து தண்ணீர் பிடிப்பதால். கழுத்தைச் சுற்றி ஒரு கறுப்பு இருந்தது. அழுக்கு மாதிரி இருக்கும், ஆனால் தொட்டால் மெத்தென்று வெல்வெட் துணியைத் தொடுவதுபோல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பீர்க்கங்கூடும் பயத்தமாவும் வைத்துத் தோல் சிவக்கச் சிவக்கத் தேய்ப்பார். போகாது. சூளைப் புகை படிந்துவிட்டது என்பார். சூளை வாயில் வேலை பார்க்கிற மற்ற பெண்கள் கழுத்து சுத்தமாகத்தானே இருக்கிறது என்றேன். ஒவ்வொருத்தர் தோல் ஒவ்வொரு மாதிரி என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. லேப் படிப்பில் கழுத்தைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

ஒருநாள் பேட்டையில் இலவச மருத்துவ முகாம் போட்டார்கள். ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். கடலூர் ரோட்டில் கிளினிக் வைத்திருப்பவர். அக்கா சும்மா கண் பார்க்கத்தான் வரிசையில் நின்றிருக்கிறார். டாக்டரம்மா அவர் கழுத்தைப் பார்த்ததும் தனியாகக் கூப்பிட்டு, இஞ்சு டேப்பால் வயிற்றைச் சுற்றி அளந்திருக்கிறார். குழந்தை பிறந்தபோது என்ன எடை என்று கேட்டிருக்கிறார். சர்க்கரை, கொழுப்பு, நெஞ்சுக்கு ஈசிஜி, அப்புறம் புதுச்சேரிக்குப் போய் மெஷினில் நடக்கவைத்துப் பார்க்கிற பரிசோதனை என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அக்கா வீட்டுக்கு வந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது.

"கழுத்தப் பாத்து வியாதி சொல்றதுக்கு அது என்னா ஜோசியமா? தையக்காரி மாதிரி டேப்ப எடுத்து வவுத்த அளக்குறாங்க. நீயே ரத்தம் எடுத்துப் பாரு தங்கச்சி. சர்க்கரை இல்லன்னு எழுதிக் குடு. அந்தம்மா மூஞ்சில காட்டிட்டு வரேன்."

எங்கள் ஊர்க்காரர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இதைச் சொன்னாலே எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. ரத்தப் பரிசோதனை என்றால் பரீட்சைக்குப் போவதுபோல் தயாராவார்கள். நாலைந்து நாள் இனிப்பைத் தொடமாட்டார்கள், அரை வயிறு கேழ்வரகுக் கூழ் குடிப்பார்கள், விடியற்காலையில் எழுந்து நடையோ நடை என்று நடப்பார்கள். சீட்டில் நார்மல் என்று வந்ததும் நேரே மிட்டாய்க் கடைக்குப் போவார்கள். அக்காவும் அதைத்தான் செய்தார். ஐந்து நாள் வெல்லத்தைத் தொடவில்லை. ஆறாம் நாள் காலை வெறும் வயிற்றோடு லேபுக்கு வந்து, கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டாக்டரம்மா எழுதியதில் சர்க்கரை மட்டும் போதும் என்றார். சர்க்கரை இல்லையென்றால் மற்றது எதற்கு? நானும் தலையாட்டினேன்.

ரத்தத்தை மெஷினில் சுற்ற வைத்தால் சிவப்பு அடியில் தங்கி, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவாகத் தண்ணீர் நிற்கும். அக்காவின் டியூபை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். மேலே நின்றது கஞ்சித் தண்ணீர் மாதிரி வெள்ளையாக இருந்தது. ரத்தத்தில் கொழுப்பு ஏகத்துக்கு இருந்தால்தான் அப்படி வரும். அது எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். வெளியே வந்து, "அக்கா, எதாவது சாப்பிட்டு வந்தீங்களா?" என்று கேட்டேன். சத்தியமா பச்சைத் தண்ணிகூட வாயில படலை என்றார். நான் நம்பவில்லை. வழியில் பஸ் ஸ்டாண்டில் பால் டீ குடித்திருப்பார், சொல்ல வெட்கப்படுகிறார் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். சர்க்கரையை மட்டும் பார்த்தேன். தொண்ணூற்றாறு. நார்மல் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, டியூபைக் கழுவப் போட்டுவிட்டேன்.

அக்கா அந்தச் சீட்டை ஜங்ஷன் ரோடு கடையில் லேமினேஷன் போட்டுக்கொண்டார். சத்தியமாகச் சொல்கிறேன், பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டுக்குப் போடுவதுபோல். லைன் வீட்டில் எல்லாருக்கும் காட்டினார். பேட்டையில் காட்டினார். டாக்டரம்மாவிடம் மட்டும் காட்டப் போகவில்லை. பெரிய மனுஷி, வருத்தப்படுவார் பாவம் என்றார். ஆறாம் நாள் சாயந்திரமே முந்தானையில் வெல்லம் ஏறிவிட்டது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டு வாங்கிக் கடித்தேன்.

அதற்கப்புறம் ஒன்றரை வருடம் போயிருக்கும். ரயில்வே ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறும்போது பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். புதுச் செருப்பு கடிக்கிறது என்பார். மூட்டை தூக்கினால் முதுகுக்கு நடுவில் அழுத்துகிறது என்பார். அது வாயு. சோடா குடித்து ஏப்பம் விட்டால் சரியாகிவிடும். வேகமாக நடந்தால் இடது தாடையில் ஒரு வலி வந்தது, நின்றால் போய்விடும். அது சொத்தைப் பல். ஒருநாள் பல் டாக்டரிடம் போய், பிடிவாதமாகக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டே வந்துவிட்டார். வாயில் பஞ்சோடு சிரித்துக்கொண்டு வந்து நின்றது கண்ணிலேயே இருக்கிறது. பத்து நாள் கழித்து மறுபடியும் அதே வலி. வேர் உள்ளேயே நின்றுவிட்டது என்றார். நடந்தால் வலிக்கிற பல்லை, நின்றால் வலிக்காத பல்லை, நான் எந்த ஊரில் பார்த்தேன்? எனக்கு உறைக்கவே இல்லை.

உறைத்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. வேறொரு நோயாளியின் சீட்டைக் கொடுக்க அந்த டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போயிருந்தேன். அந்த ஆளின் ரத்தமும் வெள்ளையாகத்தான் இருந்தது. சாப்பிட்டு வந்திருப்பாரோ என்று பேச்சுவாக்கில் சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்படி நீயாக முடிவு செய்யாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, பொறுமையாக விளக்கினார். சிலருடைய உடம்பு இன்சுலின் சொல்வதைக் கேட்பதில்லை. அதனால் கணையம் இரண்டு பங்கு மூன்று பங்கு என்று சுரந்து தள்ளிக்கொண்டே இருக்கும். தள்ள முடிகிற வரைக்கும் சீட்டில் சர்க்கரை நார்மல் என்றுதான் வரும். பார்க்கிறவர்கள் ஒன்றுமில்லை என்று நினைப்பார்கள். ஆனால் அத்தனை வருடமும் கெட்ட கொழுப்பு ஏறும், நல்ல கொழுப்பு இறங்கும், நெஞ்சுக்குப் போகிற ரத்தக் குழாயில் உள்ளுக்குள்ளேயே படிந்துகொண்டு வரும். கழுத்துக் கறுப்பு, முன்தள்ளிய வயிறு, பெரிய குழந்தை எல்லாம் அதற்கு அடையாளம். குழாய் அடைய ஆரம்பித்தால் நடக்கும்போது முதுகிலோ தாடையிலோ வலி வரும், நின்றால் போய்விடும். இது குடும்பத்தில் தொடர்ந்து வருகிற விஷயம், அதனால் பிள்ளைகளையும் சின்ன வயதிலேயே பார்க்க வேண்டும் என்றார்.

"சர்க்கரை வரட்டும்னு காத்திருப்பாங்கம்மா. அதுக்கு முன்னாடியே நெஞ்சு போயிடும்" என்று முடித்தார்.

அங்கிருந்து நேரே பேட்டைக்கு ஓடினேன். சோற்று நேரம். அக்கா வேப்பமரத்தடியில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். வாங்க, நாளைக்கே புதுச்சேரிக்குப் போகலாம் என்றேன். அவர் நிதானமாக ஊறுகாயை நக்கிக்கொண்டே கேட்டார். நான் முடித்ததும் சிரித்தார்.

"இல்லன்னு நீதான எழுதிக் குடுத்த? இப்ப நீயே இருக்குன்ற. சர்க்கரையே இல்லாம சர்க்கரை வியாதியா? ஒன் சீட்ட நம்புறதா, ஒன் வாய நம்புறதா?"

அப்போது நான் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தால் போதும். அக்கா, அன்றைக்கு உங்கள் ரத்தம் வெள்ளையாக இருந்தது, நான் பார்த்தேன், பார்த்தும் விட்டுவிட்டேன் என்று. கண்ணால் பார்த்ததைச் சொன்னால் அவர் நம்பியிருப்பார். நான் சொல்லவில்லை. சொன்னால் லைன் வீடு முழுக்கப் பரவும், லேப் முதலாளி காதுக்குப் போகும், ஒரு டெஸ்ட்டை ஒழுங்காகப் பார்க்கத் தெரியாதவள் என்பார்கள் என்று பயந்தேன். அவ்வளவுதான். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. மறுபடியும் ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். ஒருதரம் பார்த்தது போதும், இருக்கிற கொஞ்ச ரத்தத்தையும் நீயே உறிஞ்சிவிடாதே என்றார்.

நான் விடவில்லை. தினமும் போய் நச்சரித்தேன். ஒருநாள் அழுதும் விட்டேன். அழுததைப் பார்த்து அக்கா மிரண்டு போனார். கண்ணைத் துடைத்துவிட்டு, "சரி, மாசி மகம் முடியட்டும், வரேன். ஒனக்காக இல்ல, பொண்ணுக்குப் புதுச்சேரியில நல்ல சுடிதார் கிடைக்கும். அப்படியே எடுத்துக்கினு வந்துடலாம்" என்றார். மாசி மகத்துக்கு ஊரே கோயிலில் இருக்கும், சொந்தக்காரர்கள் வந்து தங்குவார்கள், அந்த நேரத்தில் நகர முடியாதாம். எனக்கு நிம்மதியாக இருந்தது. இன்னும் மூன்று வாரம்தானே என்று நினைத்தேன். பெண் கிளிப்பச்சை வேண்டும் என்றாள், அக்கா மாம்பழ மஞ்சள் என்றார். இரண்டு பேரும் அதற்கு ஒரு சாயந்திரம் முழுக்கச் சண்டை போட்டார்கள்.

மாசி மகத்துக்கு முந்தின வாரம், காலை பத்து மணி இருக்கும். சூளை வண்டி வெளியே வந்து பாதிக் கட்டைகளை எடுத்திருக்கிறார். அதற்குள் வேர்த்துக் கொட்டியிருக்கிறது. சூளை வாயில் உட்கார்ந்திருப்பவருக்கு வேர்த்தால் யார் கவனிப்பார்கள்? முகம் வெளுத்துப் போய் நெஞ்சைத் தடவியிருக்கிறார். பக்கத்தில் இருந்த பெண் என்னக்கா என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, சூடு. செத்த ஒக்காந்தா சரியாப் போயிடும்" என்று சொல்லியிருக்கிறார். கைத்தாங்கலாக மரத்தடிக்குக் கூட்டிவந்து முகத்தில் தண்ணீர் அடித்து, விசிறி, ஒரு சொம்பு வெல்லத் தண்ணீர் கரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். தூங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்று அரை மணி நேரம் விட்டுவிட்டார்கள். ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை. நாற்பத்திரண்டு வயது.

அந்தப் பெண்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

சாயந்திரம் எடுப்பதாக இருந்தது. லைன் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். உள்ளே பெண்கள் அழுது ஓய்ந்து, பேச ஆரம்பித்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு சொந்தக்கார அம்மா, நல்ல சாவு என்றார். ஒருநாள் படுக்கவில்லை, ஒருத்தருக்குப் பாரமில்லை, ஒரு நோய் நொடி கிடையாது, புண்ணியவதி என்றார். இன்னொருவர், சர்க்கரை கிர்க்கரை இருந்திருக்குமோ என்று சந்தேகமாகக் கேட்டார். அப்போதுதான் அந்த வாட்ச்மேன் அண்ணன், நாலு வருடத்தில் நாலு வார்த்தைகூடப் பேசிக் கேட்டிராத மனுஷன், சுவரோரமாக உட்கார்ந்திருந்தவர், தலையை நிமிர்த்தினார்.

"அதெல்லாம் சுத்தமாக் கெடையாதுங்க. தோ இந்தப் பொண்ணுதான் ரத்தம் எடுத்துப் பாத்துச்சு. கேட்டுப் பாருங்க."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அவர் பெண்ணும் பார்த்தாள். பதினேழு வயது. அடுத்த மாதம் பன்னிரண்டாவது பரீட்சை.

"ஆமாங்க" என்றேன். "நார்மல்தான்."

அந்த அம்மா திருப்தியாகத் தலையாட்டினார். பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் எப்படி சித்தி என்று மெதுவாகக் கேட்டாள். அங்கே, அத்தனை பேருக்கு நடுவில், அவளுடைய அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, சூளைச் சூடும்மா, அக்காவுக்குத் தாங்கவில்லை என்று சொன்னேன். காரியம் முடியட்டும், தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லி டாக்டரம்மாவிடம் கூட்டிப் போகலாம் என்று நினைத்தேன். காரியம் முடிந்தது. பரீட்சை முடியட்டும் என்று நினைத்தேன். அதுவும் முடிந்தது. இரண்டு மாதத்தில் கடலூரில் வேறு வேலை கிடைத்தது என்று வீட்டைக் காலி செய்துகொண்டு வந்துவிட்டேன். வரும்போது அவள்தான் என் பெட்டியை பஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அவளுக்கு இப்போது கல்யாணமாகி, பிள்ளை பெற்று, முப்பத்தைந்து தாண்டியிருக்கும். எங்கேயாவது ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அவளிடம் கேட்பார். எல்லா டாக்டரும் கேட்பதுதான். குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை, நெஞ்சுவலி உண்டா, அம்மா எப்படி இறந்தார்கள் என்று கேட்பார். அவள் கொஞ்சமும் யோசிக்காமல் பதில் சொல்லுவாள்.

"அதெல்லாம் யாருக்கும் இல்லீங்க. எங்கம்மா சூளைச் சூட்டுல போயிட்டாங்க."